பதினொரு தபால்பெட்டிகள்

ஊர் மன்றத்தில் கையெழுத்துப் போட்டு
ஆளுக்கு நான்கு ஊக்குகள் எடுத்துக்கொண்டோம்.
என் முதுகில் முப்பத்தொன்றைத் தெக்வென் குத்தினாள்,
அவள் முதுகில் முப்பத்திரண்டை நான், கோணலாக.
மழை வரும் என்றாள்.
வேல்சில் அது வானிலைச் செய்தி அல்ல,
சாப்பிட்டாயா என்று கேட்பது மாதிரி.

ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ரிவ் கோஹ் ஏற்றம்.
செஞ்சரிவு என்று பொருள்.
எங்கே சிவப்பு என்று யாரும் கேட்பதில்லை,
ஏறி வருபவர்களின் முகத்தைப் பார்த்தால் போதும்.
மற்றவர்களுக்கு அது இரண்டு கிலோமீட்டர்.
எனக்குப் பதினொரு தபால்பெட்டிகள்.
வாரத்தில் ஆறு நாள் சிவப்பு வேனில் ஏறுகிறேன்,
முதல் கியரில், ரேடியோ அலற.

ஒன்றாம் வீட்டுக்கு விதைப் பட்டியல்கள்.
மூன்றாம் வீட்டுக்கு வங்கியின் கண்ணாடி ஜன்னல் உறைகள்;
வாங்குபவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.
ஆறாம் வீட்டில் நாய்.
வேன் இல்லாத என்னை அதற்கு அடையாளம் தெரியவில்லை,
குரைக்கலாமா என்று யோசித்து நின்றது.

மூன்றாம் சுற்றில்
எட்டாம் வீட்டுக்கும் ஒன்பதாம் வீட்டுக்கும் நடுவே
தெக்வென் போய்விட்டாள்.
சொல்லிக்கொள்ளவில்லை. இருக்கையிலிருந்து எழுந்தாள், அவ்வளவுதான்.
பள்ளிச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்கு
உருளைக்கிழங்கு மசிக்கும் தோள்கள்
இடம் வலம் ஆடி மழைக்குள் நுழைந்தன.

அப்புறம் எனக்கு ஒரே வேலை,
வேலை செய்யாமல் இருப்பது.
துரத்துபவளின் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொள்வது.
நீயும் முன்னால் வா என்று அவள் முழங்கையை ஆட்டினால்
மூச்சு முட்டுவதாக முகம் காட்டுவது.
ஹெரிஃபோர்டு அணியின் நீலச்சட்டைக்காரி மூன்று முறை ஆட்டினாள்.
நான்காம் முறை திட்டினாள்.
நான் வாயைப் பிளந்து மழையைக் குடித்தேன்.

இதில்தான் ஒரு சங்கடம்.
அன்று என் கால்கள் என் கால்களாக இல்லை.
நாற்பத்தொரு வயது, இரண்டு பிரசவம்,
ஒருமுறை முறிந்த காறை எலும்பு,
எதுவும் அவற்றுக்கு ஞாபகமில்லை.
லேசாக மிதித்தாலே சாலை பின்னால் போயிற்று.
இப்படி ஒரு நாள் வரும் என்று
பதினாறு வருடம் விடியுமுன் எழுந்திருக்கிறேன்.
வந்த நாளில்
பிரேக்கில் விரல் வைத்துக் குனிந்திருக்கிறேன்.

நாற்பது விநாடி முன்னால் போகிறாள் என்று கத்தினார்
திருப்பத்தில் கொடியோடு நின்ற மஞ்சள் அங்கிக்காரர்.
அடுத்த திருப்பத்தில் முப்பது.
பிறகு இருபது.
சொல்லிவிடுகிறேன்,
நாற்பது என்றபோது சந்தோஷப்பட்டேன்.
இருபது என்றபோதும்.

கடைசி ஏற்றம்.
ஏழாம் வீட்டில் மார்ச் மாதத்திலிருந்து யாருமில்லை.
கடிதங்கள் வருகின்றன,
போட்டுக்கொண்டிருக்கிறேன்.
அந்த வாசலுக்கு எதிரே தெக்வென்,
சைக்கிள் நகர்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாத வேகத்தில்.
நான் குத்திய எண் ஒரு முனையில் கழன்று படபடத்தது.
நீலச்சட்டை அவளைக் கடந்தது. இன்னொருத்தி கடந்தாள்.
நான் பக்கத்தில் போய் அங்கேயே இருந்தேன்.
தலை தூக்காமல் கேட்டாள்:
"என்னடி, வேடிக்கை பார்க்கவா வந்தே?"

போனேன்.
எட்டு. ஒன்பதில் அந்த இன்னொருத்தி பின்னால் போனாள்.
பத்தாம் வீட்டுக்காரர் குடையோடு வெளியே நின்று
"ஞாயிற்றுக்கிழமையுமா தபால்!" என்றார்.
பதினொன்று. நீலத் தோள் என் தோளருகே.
வேன் அந்த இடத்தில்தான் திரும்பும்.
அதற்குமேல் நூறு மீட்டர், பிறகு கோடு.
நான்கு சுற்றாகக் கடந்த நூறு மீட்டர்தான்,
ஆனாலும் கை ஒரு கணம்
திருப்பத்தைத் தேடியது.

இரண்டாமிடம். ஒரு டயர் அகலத்தில்.
பதினைந்து பவுண்டு, ஓர் உறையில்.
என் பெயரில் உறை வருவது அபூர்வம்.

மன்றத்தில் தேநீர், எலுமிச்சை கேக்.
ஒன்பதாவதாக வந்த தெக்வென்
ஈரக் கையுறைகளை ஹீட்டர்மேல் பரப்பிவிட்டுக் கேட்டாள்,
கால் நன்றாக இருக்கிறதென்று எப்போது தெரிந்தது?
கடைசிச் சுற்றில்தான் என்றேன்,
மூச்சு முட்டுவதாக முகம் காட்டி.
ம், என்றாள்.

என்னைத் திருப்பி நிறுத்தி
எண்ணைக் கழற்றத் தொடங்கினாள்.
மூன்று ஊக்குகள் சுலபமாக வந்தன.
நான்காவது முதுகில் நறுக்கென்று குத்தியது.
கை தவறியிருக்காது என்று நினைக்கிறேன்.